கைப்பேசி விளையாட்டும் வீட்டுச் செய்தியும்

(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவரும் பட்டணத்தில் கைப்பேசிக் கடை நடத்துபவருமான ஒருவர் ஆற்றிய உரை)



"இணையமும் இளைய தலைமுறையும்" என்று தலைப்புக் கொடுத்து, அரைமணி நேரம் பேசலாம் என்று தலைமையாசிரியர் பெருந்தன்மையோடு சொல்லியிருக்கிறார். அவ்வளவு நேரம் பேசினால் பின்வரிசைத் தம்பிகள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அந்தப் பின்வரிசையில் உட்கார்ந்தவன்தான். அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

நான் பட்டதாரி இல்லை. பால்மரம் வெட்டிய தாய்க்குப் பிறந்து, இதே பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, பட்டணத்தில் தொழில் கற்றுக் கொண்டு, இன்று கைப்பேசி விற்கிறேன், பழுதும் பார்க்கிறேன். வைத்தியரிடம் உடம்பைக் காட்டுவது போல ஜனங்கள் என்னிடம் கைப்பேசியைக் காட்டுகிறார்கள். கண்ணாடி உடைந்தது என்று கொண்டு வருவார்கள். "திறக்கிற எண் என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டால், "மகள் பிறந்த நாள்தான் தம்பி" என்று கடையில் நிற்கிற பத்துப் பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பாசாருக்குப் போய் மீன் வாங்கிக் கொண்டு ஒரு மணி நேரம் கழித்து வருவார்கள். அந்த ஒரு மணி நேரமும் அவர்கள் வீட்டுப் படம், வங்கிச் செயலி, உறவுக்காரர் பெயர், மருந்துச் சீட்டு எல்லாம் என் மேசையில் கிடக்கிறது. நான் பார்ப்பதில்லை. ஆனால் நான் பார்க்க மாட்டேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் முகம் தெரியும், என் அம்மாவைத் தெரியும், அவ்வளவுதான்.

இந்த "முகம் தெரியும்" என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

முதலில் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். "பிள்ளைகள் எந்நேரமும் கைப்பேசியும் கையுமா இருக்கிறாங்க" என்று பெற்றோர் என்னிடம் வந்து குறைப்படுகிறார்கள். அந்தக் கைப்பேசியைப் பிள்ளை கையில் வைத்தது யார்? 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்கூடம் மூடியது. பாடம் கைப்பேசியில் வந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான். லயத்து வாசலில் லைன் கிடைக்காமல் மேட்டுக்கு ஏறிப்போன பிள்ளைகள் உண்டு. அந்தச் சமயத்தில் என் கடைக்கு வந்து, காதில் கிடந்ததை அடகு வைத்துக் கைப்பேசி வாங்கிப் போன தாய்மார் இருக்கிறார்கள். படிப்புக்கென்று வாங்கினோம். பள்ளிக்கூடம் திறந்தது. கைப்பேசி மட்டும் பிள்ளை கையிலேயே தங்கிவிட்டது. இதில் பிள்ளையின் குற்றம் என்ன இருக்கிறது?

இணையம் நமக்கு வேண்டாத பொருள் என்றும் நான் சொல்ல வரவில்லை. இன்று நாம் புலனத்தில் தமிழில் எழுதுகிறோமே, அந்த வழியை வெட்டியவர்களில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு. சிங்கப்பூரில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி, 1990களிலேயே தமிழை இணையத்தில் ஏற்றுவதற்குப் பாடுபட்டார். 1997இல் அங்கே தமிழ் இணைய மாநாடு கூட்டினார். நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்த "முரசு அஞ்சல்" இல்லாமல் அந்தக் காலத்தில் கணினியில் தமிழ் அடித்தவர்கள் குறைவு. "செல்லினம்" என்று கைப்பேசியில் தமிழ் அனுப்ப வழி செய்தவரும் அவரே. இதைப் பரிசு வாங்கும் பிள்ளைகள் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். இணையத்தில் நாம் வெறும் வாடிக்கைக்காரராகப் போய்ச் சேர்ந்தவர்கள் அல்ல.

விளையாட்டையும் அப்படியே ஒதுக்கிவிட முடியாது. பின்வரிசைத் தம்பிகளே, "மொபைல் லெஜெண்ட்ஸ்" என்று சொன்னவுடன் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், பார்க்கிறேன். பெற்றோருக்குச் சொல்கிறேன்: இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். யார் முன்னே போவது, யார் காப்பது என்று பேசி வைத்து ஆடுகிறார்கள். நாம் சடுகுடு ஆடியதில் இருந்த தந்திரம் இதிலும் இருக்கிறது. 2019இல் பிலிப்பீன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். 2024இல் சவூதியின் ரியாத் நகரில் பல நாட்டுக் குழுக்கள் மோதிய போட்டியில் நம் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் குழு வெற்றி பெற்று வந்தது. ஆகவே "வெட்டி வேலை" என்று ஒரே சொல்லில் தள்ளினால் பிள்ளை மனசுக்குள் சிரிக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடும். அப்புறம் நாம் சொல்லும் நல்ல வார்த்தையும் எடுபடாது.

எனக்கு வருத்தம் விளையாட்டின் மேல் இல்லை. விளையாட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டு காரியங்களின் மேல்தான்.

ஒன்று, திக்காம். அந்த நாளில் தோட்டத்துக் கடையில் திக்காம் அட்டை தொங்கும். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அட்டை நிறைய மடித்து ஒட்டிய சின்னச் சின்னக் காகிதம். ஐந்து காசோ பத்துக் காசோ கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஓர் எண். அந்த எண்ணுக்குள்ள சாமான் நமக்கு. மேலே பெரிய பொம்மைத் துப்பாக்கி தொங்கும், கண்ணைப் பறிக்கும். கையில் வருவது ஒரு மிட்டாய். இன்றைய கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் இருக்கும் குலுக்கல் அதே திக்காம்தான். வீரனுக்குப் புது உடை வேண்டும், அதை "ஸ்கின்" என்பார்கள். அதற்கு வைரம் வேண்டும். வைரத்துக்கு வெள்ளி வேண்டும். நேராக வெள்ளியிலேயே விலை போட்டால் பிள்ளை யோசிக்கும், "இது அம்மாவின் அரை நாள் கூலியாச்சே" என்று. வைரமாக மாற்றிவிட்டால் அந்தக் கணக்கு மனசில் ஓடாது.

ஆனால் கடைத் திக்காமுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கடை அட்டையில் எத்தனைக் காகிதம் மிச்சம் என்று கண்ணால் எண்ணிப் பார்க்கலாம். துப்பாக்கி போய்விட்டால் எவனும் அந்த அட்டைப் பக்கம் வரமாட்டான். கைப்பேசியில் அட்டை தீருவதே இல்லை. எத்தனைக்கு ஒன்று விழும் என்பது விற்கிறவனுக்குத் தெரியும். ஜப்பான் 2012இலேயே இப்படிப்பட்ட குலுக்கலில் ஒரு வகையைத் தடுத்தது. 2017 முதல் சீனாவில் எத்தனைக்கு ஒன்று விழும் என்பதை வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. பெல்ஜியம் 2018இல் காசு கொடுத்து ஆடும் குலுக்கலைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. நம் வீட்டில் அப்பா நாலு நம்பர் எடுக்கிறார், பிள்ளை திக்காம் போடுகிறது. இதற்கு மேல் நான் சொன்னால் எனக்குச் சாப்பாடு போட மாட்டீர்கள். விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது காரியம்தான் பெரிது. விளையாட்டுக்குள் பேச்சு இருக்கிறது. ஆடிக்கொண்டே எழுதலாம், வாயாலும் பேசலாம். எதிரே இருப்பவன் பத்து வயதுப் பையனா, நாற்பது வயது ஆளா, கோலாலம்பூரில் இருக்கிறானா, வேறு நாட்டில் இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் "ஃபோர்ட்நைட்" என்ற விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக் கொண்டது. அரசாங்கம் சாட்டிய குற்றங்கள் என்ன தெரியுமா? பெற்றோரைக் கேட்காமல் சின்னப் பிள்ளைகளின் விவரத்தைச் சேர்த்தார்கள், அந்நியரோடு பேசும் வசதியைப் பிள்ளைகளுக்கும் முதலிலேயே திறந்து வைத்திருந்தார்கள், தெரியாமல் அழுத்தினால் காசு போகும்படி பொத்தான்களை அமைத்தார்கள் என்பவைதான். இவ்வளவு பெரிய நிறுவனத்தின் விளையாட்டிலேயே அந்தக் கதவு திறந்திருந்தது.

அந்தக் கதவு வழியாக நம் பக்கத்து வீடு ஒன்றில் என்ன நுழைந்தது என்று சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. மகன் ஐந்தாம் ஆண்டு. கெட்டிக்காரன். அம்மா வேலையிலிருந்து வந்ததும் அவர் கைப்பேசியை வாங்கிக் கொண்டு ஆடுவான். விளையாட்டில் ஒருவன் பழக்கமானான். இரண்டு வாரம் கூடவே ஆடினான், உதவி செய்தான், "தம்பி, தம்பி" என்று அன்பாகப் பேசினான். ஒருநாள், "உனக்கு ஒரு ஸ்கின் அனுப்பறேன், நம்பர் கொடு" என்றான். பையன் அம்மா நம்பரைக் கொடுத்தான். "இப்ப ஆறு எண் வரும், அதைச் சொன்னாத்தான் ஸ்கின் ஏறும்" என்றான். ஆறு எண் வந்தது. பையன் சொன்னான்.

அது ஸ்கின்னுக்கு வந்த எண் இல்லை. அம்மாவின் புலனக் கணக்கை வேறொரு கைப்பேசியில் திறப்பதற்கு வந்த எண். அடுத்த நிமிஷம் அம்மாவின் புலனம் அவன் கையில். அன்று இரவே அக்காவின் பெயரில், அக்காவின் படத்தோடு, சொந்தக்காரர்களுக்குச் செய்தி போனது: "அவசரமா இருக்கு, கொஞ்சம் பணம் அனுப்புங்க, சம்பளம் வந்ததும் தந்துடுறேன்." தங்கச்சி 800 வெள்ளி அனுப்பினாள். கூட வேலை செய்யும் பெண் 300 அனுப்பினாள். நாத்தனார் 500. அக்கா அதற்கு முன்னால் யாரிடமும் கை நீட்டாதவர். "அவளே கேட்கிறாள் என்றால் ஏதோ பெரிய கஷ்டம்தான்" என்று இரக்கப்பட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சேர்த்து வைத்திருந்த நல்ல பெயரைத்தான் அவன் செலவு செய்தான்.

மூன்றாம் நாள் அக்கா என் கடைக்கு வந்தார். "தம்பி, வாட்ஸ்அப் தொறக்க மாட்டேங்குது, போன் கெட்டுப் போச்சு போல" என்றார். பையனும் கூட வந்திருந்தான். நான் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவைப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, "என்னடா தம்பி நடந்தது?" என்று கேட்டேன். அழுதுவிட்டான். "அங்கிள், அன்னைக்கு ராத்திரியே எனக்குத் தெரியும்" என்றான். "ஏன் சொல்லலை?" "போன மாசம் 60 வெள்ளி ரீலோட்ல வைரம் வாங்கிட்டேன்னு அப்பா பெல்ட்டால அடிச்சாரு."

பெரியோர்களே, நான் அந்தத் தகப்பனைக் குறை சொல்ல மாட்டேன். 60 வெள்ளிக்கு எத்தனைக் குலை தள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் கணக்கைப் பாருங்கள். அன்று இரவே பையன் வாயைத் திறந்திருந்தால், அம்மாவின் எண்ணிலேயே புலனத்தை மறுபடி பதிவு செய்திருக்கலாம். புது ஆறு எண் அம்மா கைக்குத்தான் வரும். அதைப் போட்ட உடனே திருடன் வெளியே போயிருப்பான். அவன் தனக்கென்று ஒரு பூட்டுப் போட்டிருந்தால் நாம் உள்ளே போக ஒரு வாரம்கூட ஆகலாம், ஆனாலும் அவன் உள்ளே இருக்க முடியாது. அந்த மூவருக்கும் ஒரு போன் போட்டு, "அது நான் இல்லை" என்று சொல்லியிருந்தால் 1,600 வெள்ளியும் தப்பியிருக்கும். திருடனுக்கு வேண்டியிருந்தது இரண்டு ராத்திரி. அதை அவனுக்குக் கொடுத்தது பையனின் பயம்.

பணம் போன இடம் தெரியுமா? மலாயில் "அக்காவுன் கெல்டாய்" என்கிறார்கள், கழுதைக் கணக்கு. எவனோ ஒரு வாலிபன் 200, 300 வெள்ளிக்குத் தன் வங்கி அட்டையையும் எண்ணையும் வாடகைக்கு விட்டிருப்பான். பணம் அதில் விழுந்து, சில நிமிஷத்தில் வேறு கணக்குக்கு ஓடிவிடும். இங்கே நிற்கும் அண்ணன்மார்களே, "சும்மா அட்டையைக் கொடு, காசு தர்றேன்" என்று எவனாவது கேட்டால் ஓடி வந்துவிடுங்கள். 2024இல் இதைத் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகவே சேர்த்துவிட்டார்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 997 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல் இருக்கிற எண் அது. போலீசும் வங்கிகளும் சேர்ந்து, ஓடும் பணத்தை வழியிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். மூன்று நாள் கழித்து அழைத்தால் நிறுத்த என்ன மிச்சம் இருக்கும்?

அக்கா என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? போலீஸ் புகார் எழுதிக் கொடுத்தார். அப்புறம் மாதம் நூறு, நூறாகத் தங்கச்சிக்கும் நாத்தனாருக்கும் கூட வேலை செய்கிறவளுக்கும் கட்டிக் கொண்டு வருகிறார். "நீங்க வாங்கலையேக்கா, ஏன் கட்டுறீங்க?" என்று கேட்டேன். "என் பேர்ல தானே தம்பி கொடுத்தாங்க" என்றார்.

எனக்கு அப்போது பழைய 555 புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அட்டையில் 555 என்று போட்டிருக்கும் சின்னக் கடன் புத்தகம். தோட்டத்துக் கடையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று இருக்கும். அரிசி, சீனி, கருவாடு என்று மாதம் முழுக்க எழுதி, சம்பள நாளில் அடைப்போம். ஒருத்தர் புத்தகத்தில் இன்னொருத்தர் சாமான் வாங்கிவிட முடியுமா? கடைக்காரருக்கு முகம் தெரியும். "உன் அம்மா அனுப்பினாளா? எதுக்கு இரண்டு டின் பால்?" என்று கேட்பார். லயத்தில் எல்லார் வீட்டுச் சங்கதியும் எல்லாருக்கும் தெரியும் என்பது உண்மைதான். யார் வீட்டில் சண்டை, யாருக்கு எவ்வளவு கடன், எல்லாம் பைப்படியில் பேச்சாகும். ஆனால் எனக்கு உங்களைத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கும் என்னைத் தெரியும். வம்பு பேசினால் திரும்பக் கேட்கலாம், வீட்டு வாசலில் போய் நிற்கலாம். கைப்பேசியில் அப்படி இல்லை. அவனுக்கு நம்மைத் தெரியும், நமக்கு அவனைத் தெரியாது. ஆனால் நம் பழக்கம் மட்டும் இன்னும் லயத்துப் பழக்கமாகவே இருக்கிறது. கேட்டவருக்கெல்லாம் சொல்லி விடுகிறோம்.

அடையாள அட்டையைப் பாருங்கள். கணக்கில் முதல் பரிசு வாங்கப் போகும் செல்வம் யார்? எழுந்திரு பாப்பா. நம் அடையாள அட்டையில் எத்தனை எண்? பன்னிரண்டு. முதல் ஆறு எண் என்ன? பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு? பிறந்த மாநிலம். ஜொகூர் 01, கெடா 02, பேராக் 08, சிலாங்கூர் 10. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இப்போது ஓர் அம்மா மகளின் பிறந்தநாள் படத்தை முகநூலில் போடுகிறார். கேக்கின் மேல் 10 என்று மெழுகுவர்த்தி. தேதி படத்தோடு இருக்கிறது. ஊர் தெரியும். பெண் பிள்ளை என்று தெரியும். பன்னிரண்டில் எட்டு எண் போய்விட்டது. மிச்சம் நான்கு. மூன்று இடத்தில் பத்துப் பத்து, கடைசி இடத்தில் ஐந்துதான் வர முடியும். எவ்வளவு பாப்பா? ஐயாயிரம். சரியாகச் சொன்னாய், உட்கார். ஐயாயிரம் என்பது நமக்குப் பெரிய எண், கணினிக்கு அது ஒரு மூச்சு. அதோடு பள்ளியோ சங்கமோ உதவித் தொகைப் பட்டியல் என்று கடைசி நான்கு எண்ணைப் போட்டுப் புலனக் குழுவில் அனுப்பிவிட்டால், அந்த ஐயாயிரமும் வேண்டாம்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2017 அக்டோபரில் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியே போய்விட்டதாகச் செய்தி வந்தது. அப்போது நாட்டின் ஜனத்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தது. தனிப்பட்டவர் விவரத்தைக் காக்கும் சட்டம் 2010இலேயே நிறைவேறி 2013இல் நடப்புக்கு வந்தது, இருந்தும் போனது போனதுதான். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல், சட்டம் கேட்காத இடத்தில் கடைகளும் நிறுவனங்களும் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நாமோ குலுக்கலில் ஒரு குடை கிடைக்கும் என்றால் அட்டையின் இரு பக்கத்தையும் நகல் எடுத்துக் கொடுக்கிறோம்.

பள்ளியின் முன்னாள் மாணவன் என்ற உரிமையோடு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். உதவித் தொகை, இலவச உணவு, காலணி, இவற்றுக்குரிய பட்டியலைத் தயவு செய்து குழுவில் போடாதீர்கள். அடையாள எண் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். தகப்பனின் சம்பளம் எவ்வளவு என்று வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்து, ஒரு பெண் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வர மறுத்த கதை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக அனுப்பினால் வேலை கொஞ்சம் கூடும். கூடட்டும்.

பிள்ளைகளுக்கும் மானம் உண்டு, மறைவு உண்டு. இதைப் பெற்றோர் சிலர் ஒப்புக் கொள்வதில்லை. "மகள் தூங்கும்போது அவள் விரலை வைத்துக் கைப்பேசியைத் திறந்து பார்க்கிறேன்" என்று ஓர் அம்மா பெருமையாகச் சொன்னார். மகளுக்குப் பதினைந்து வயது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கைப்பேசியை அம்மா பார்க்க வேண்டும், பார்ப்பேன் என்று சொல்லிவிட்டே பார்க்க வேண்டும். பதினைந்து வயதில் திருட்டுத்தனமாகப் பார்த்தால் அவள் இன்னொரு கணக்கு திறந்து கொள்வாள். அதை நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது. அந்நியனிடம் எல்லாம் சொல்கிறார்கள், வீட்டில் ஒன்றும் சொல்வதில்லை என்று வருத்தப்படுகிறோமே, அந்நியன் அடிப்பதில்லை, திட்டுவதில்லை, பொறுமையாகக் கேட்கிறான். அவனுக்குக் காரியம் ஆக வேண்டும், கேட்கிறான். நமக்கும் காரியம் ஆக வேண்டும்தானே?

அந்தப் பையன் வீட்டில் இப்போது ஒரு நடைமுறை. அந்தத் தகப்பனே வைத்தது, நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கைப்பேசியில் எந்தத் தப்பு நடந்தாலும் அன்றைக்கே சொன்னால் அடி இல்லை. மறைத்தால்தான் தண்டனை, அதுவும் ஒரு வாரம் விளையாட்டு இல்லை என்பதோடு சரி. ஐந்து மாதத்தில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். ஒன்று, "இலவச வைரம்" என்று எவனோ அனுப்பிய இணைப்பு. இன்னொன்று, ரேங்க் ஏற்றித் தருகிறேன் என்று ஒருவன் கடவுச்சொல் கேட்டது. "ஜோக்கி" என்பார்கள் இதை. இரண்டையும் அப்பாவும் மகனும் என் கடைக்கே கொண்டு வந்து காட்டினார்கள்.

விளையாட்டே கதியென்று சாப்பாடு, தூக்கம், பள்ளி எல்லாவற்றையும் விட்டுவிடும் பிள்ளைகளும் சிலர் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அதை நோய்ப் பட்டியலில் ஏற்றுக் கொண்டது. ஆனால் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆடுகிற பையனை எல்லாம் நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது. படிப்பும் பழக்கமும் கெட்டு, ஒரு வருஷமாக அப்படியே நீடித்தால்தான் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். சாமியாடியிடமும் வேண்டாம், என்னிடமும் வேண்டாம்.

நேரமாகிறது, தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விழா முடிந்து தேநீர் நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே, சைக்கிள் கொட்டகை ஓரமாக ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். கைப்பேசியைக் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். புலனத்தில் "இரண்டு கட்டச் சரிபார்ப்பு" என்று ஒன்று உண்டு. ஆறு எண்ணில் நீங்களே ஒரு பூட்டு வைத்துக் கொள்ளலாம். அது இருந்தால், வந்த எண்ணைப் பிள்ளை சொல்லிவிட்டாலும் எவனும் சுலபமாக உள்ளே போக முடியாது. செயலிக் கடையில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். விளையாட்டில் அந்நியர் பேச்சை அடைக்க வழி இருந்தால் அதையும் அடைத்துத் தருகிறேன். இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அது பார்க்கும்படியே செய்வோம். பூட்டு எண்ணை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள், சத்தம் போட்டும் சொல்லாதீர்கள், நீங்களே அழுத்துங்கள்.

இன்னும் சிறிது நேரத்தில் பிள்ளைகள் மேடை ஏறுவார்கள். படம் எடுப்பீர்கள், நானும் என் அக்காள் மகளைப் படம் எடுக்கத்தான் போகிறேன். பெயர்ப் பட்டையும் பள்ளிச் சின்னமும் தெரியாத மாதிரி, பரிசுக் கோப்பையைக் கொஞ்சம் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். "மாமா, படத்தைப் போடுறதுக்கு முன்னால என்கிட்ட காட்டணும், முகம் நல்லா இல்லைன்னா போடக் கூடாது" என்று அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். நானும் சரி என்று சொல்லியிருக்கிறேன்.